சி-ஆர்ம் வாங்கும்போது: ஐஐ டியூபா, பிளாட் பேனலா?

காரைக்குடிப் பக்கம் எலும்பு ஆபரேஷன் செய்கிற சின்ன ஆஸ்பத்திரி எங்களுடையது. பழைய சி-ஆர்மை (ஆபரேஷன் நடக்கும்போதே எக்ஸ்ரே படத்தை மானிட்டரில் காட்டும் மெஷின்) மாற்றும்போது, எக்ஸ்ரேயைப் படமாக்கும் பாகம் ஐஐ (இமேஜ் இன்டென்சிஃபையர்) டியூபாக இருக்கட்டுமா, பிளாட் பேனலாக இருக்கட்டுமா என்று யோசித்துப் பேனல் எடுத்தோம், அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும்.

விலை ஐஐக்குச் சாதகம். பேனல் மெல்லிசு, டேபிளைச் சுற்றி இடம் மிச்சம். இதெல்லாம் விற்க வருகிறவரே சொல்லிவிடுவார்.

இரண்டிலும் எக்ஸ்ரே முதலில் விழுவது சீசியம் அயோடைடு மேல்தான், அது எக்ஸ்ரேயை வெளிச்சமாக்கும். அப்புறம்தான் வழி பிரிகிறது. ஐஐயில் அந்த வெளிச்சம் போட்டோகேத்தோடில் பட்டு எலக்ட்ரான்களைக் கிளப்பும். 25,000 வோல்ட்டுக்குக் குறையாமல் கொடுத்து அவற்றை வெற்றிடக் குழாய்க்குள் இழுத்து, சுமார் 2.5 செ.மீ. திரையில் மோதவிட்டு, அதைக் கேமரா படம்பிடிக்கும். பேனலில் குழாயும் இல்லை, கேமராவும் இல்லை. வெளிச்சம் நேராக அமார்ஃபஸ் சிலிக்கான் போட்டோடயோடுகளில் மின்னூட்டமாகச் சேர, டிரான்சிஸ்டர்கள் வரிசை வரிசையாகத் திறந்து அதைப் படித்துக்கொள்ளும். ஆத்தங்குடிக் கல் பாவிய தரை மாதிரி கட்டம் கட்டமாக, ஆனால் ஒரு கட்டம் 0.2 மி.மீ. அளவுதான். ஐஐயின் முகப்பு வளைவானது என்பதால் தொடை எலும்பில் போட்ட நெயில் (எலும்புக்குள் செருகும் உலோகக் கம்பி) படத்தின் ஓரத்தில் லேசாக வளைந்து தெரியும். பேனலில் நேராகவே நிற்கும்.

எங்களுக்கு முடிவைத் தீர்மானித்தது வயசுதான். ஐஐ டியூபின் பெருக்கும் திறன் வருஷா வருஷம் குறையும், மெஷின் அதை வாய்விட்டுச் சொல்லாது. ஆட்டோ பிரைட்னஸ் கன்ட்ரோல் கேவியையும் (எக்ஸ்ரே குழாயின் மின்னழுத்தம்) எம்ஏவையும் (அதன் மின்னோட்டம்) ஏற்றி, படத்தைப் பழைய வெளிச்சத்திலேயே வைத்துவிடும். மானிட்டரில் குறை தெரியாது. கூடுவது நோயாளிக்கும், ஏப்ரன் மாட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கிற நமக்கும் கதிர்வீச்சு டோஸ். பழைய மெஷினில் ஒல்லியான மணிக்கட்டுக்கே கேவி முன்பைவிட மேலே போய் நின்றது. படத்தைப் பெரிதாக்கினாலும் ஐஐயில் டோஸ் கணிசமாக ஏறும், பேனலில் அந்த ஏற்றம் பொதுவாகக் குறைவு.

பேனலுக்கும் கோளாறு உண்டு. டோஸ் ரொம்பக் குறைந்தால் எலக்ட்ரானிக் நாய்ஸ் மேலோங்கிப் படம் பொரிபொரியாகும். செத்த பிக்சலை அக்கம்பக்கத்துப் பிக்சல்களை வைத்து நிரப்பிக்கொள்ளலாம், பேனலே போனால் மொத்தமாக மாற்ற வேண்டும், அது பெரிய செலவு. வெப்பம் மாறினால் ஆஃப்செட் (எக்ஸ்ரே இல்லாதபோதும் பிக்சல் காட்டும் அடிப்படை அளவு) நகரும், சித்திரை வெயிலில் ஏசி போட்டு மெஷின் நிலைக்கு வந்த பிறகே கேலிப்ரேஷன் செய்கிறோம். எங்கள் பேனல் இன்னும் புதுசு, முதுமையில் எப்படி இருக்கும் என்று பேச அனுபவம் போதாது. ஆஞ்சியோ பக்கமும் எனக்குப் பழக்கமில்லை.

மாதத்துக்கு நாலைந்து கேஸ்தான் என்றால் பழைய ஐஐ மெஷினே போதும். வாங்குமுன் பீமில் 2 மி.மீ. செப்புத் தகடு வைத்து, ஆட்டோவில் கேவி, எம்ஏ எவ்வளவு போகிறது என்று பாருங்கள். அதே மாடலின் நல்ல மெஷினைவிட நிறைய ஏறினால் விலை எவ்வளவு குறைத்தாலும் எடுக்காதீர்கள்.