சிறுகுடல் க்ரோன் நோய்க்கு எந்த ஸ்கேன்? டெல்டாவிலிருந்து ஒரு பயன்பாட்டு அனுபவம்

டெல்டாவில், குடலில் நாள்பட்ட அழற்சியை உண்டாக்கும் க்ரோன் நோய்க்குப் பல வருடங்களாக மருந்து எடுப்பவரின் ஸ்கேன் கோப்பு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். முதலில் மயிலாடுதுறையில் வயிற்று அல்ட்ராசவுண்ட், பிறகு கும்பகோணத்தில் சி.டி., அதற்கடுத்த வருடம் திருச்சியில் எம்.ஆர்., நடுவில் எங்கோ ஒரு பேரியம் படம் (பேரியம் குடித்து எடுக்கும் எக்ஸ்ரே). தனித்தனியாக எதிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் போன வருடத்தைவிட இப்போது குடல் தேறியிருக்கிறதா என்று கேட்டால் அந்தக் கோப்பு பதில் சொல்லாது. கண்காணிப்புக்கு எந்தக் கருவி உயர்ந்தது என்பதைவிட, எதை ஒரே இடத்தில், ஒரே முறையில் திரும்பத் திரும்ப எடுக்க முடியும் என்பதுதான் முக்கியம்.

கொலனோஸ்கோபி (ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) மட்டும் போதாதா என்று பலரும் கேட்கிறார்கள். அது பெருங்குடலைத் தாண்டிச் சிறுகுடலின் கடைசி 10 முதல் 20 செ.மீ. வரைதான் எட்டும். எட்டிய இடத்திலும் உள்தோலை மட்டுமே காட்டும். க்ரோன் நோயோ குடல் சுவரின் முழுத் தடிமனையும் பிடிக்கும். சுருக்கம், பிஸ்டுலா (குடலிலிருந்து வேறு இடத்துக்குத் துளைத்துக்கொண்டு போகும் தவறான வழி), சீழ்க்கட்டி எல்லாம் அப்படி வருபவைதான். அதனால்தான் ஸ்கேன் தேவைப்படுகிறது.

முதலிடம் எம்.ஆர். என்டரோகிராபிக்கு, அதாவது திரவம் குடித்துச் சிறுகுடலை விரித்து எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்துக்கு. கதிர்வீச்சு இல்லை, சிறுகுடல் முழுவதும் தெரியும். ஆனால் படம் நன்றாக வருவதும் வராததும் எந்திரத்தைவிட, குடிக்கும் திரவத்தைப் பொறுத்தது. நம் பக்கம் பெரும்பாலும் மானிடால் (குடலிலேயே நீரைப் பிடித்து வைக்கும் சர்க்கரை வகை) கலந்த தண்ணீர்தான் தருகிறார்கள். 20 சதவீத மானிடால் 100 மி.லி. பாட்டில் இரண்டில் 40 கிராம் இருக்கும், 1,300 மி.லி. தண்ணீரோடு சேர்த்தால் ஒன்றரை லிட்டரில் சுமார் 2.7 சதவீதம். இதை 45 முதல் 60 நிமிடத்தில் சீராகக் குடிக்க வேண்டும். கடைசி ஒரு டம்ளரை ஸ்கேன் அறைக்குள் போகும் முன் குடிக்க வைத்துக்கொள்வது நல்லது. காரணம் எளியது: விரியாமல் சுருங்கிக் கிடக்கும் குடலின் சுவர் தடித்ததுபோலவே தெரியும். மேல் சிறுகுடலில் 'லேசான தடிப்பு' என்று வரும் ரிப்போர்ட்டுகளில் பல, அந்தப் பகுதி சரியாக நிரம்பாததால் வந்தவை. மெதுவாகக் குடித்தால் திரவம் பெருங்குடலுக்குப் போய்விடும், அவசரமாகக் குடித்தால் வாந்தியில் முடியும். குடிக்க முடியாதவர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பாதி குடித்துவிட்டு முழுவதும் குடித்ததாகச் சொன்னால் ஸ்கேன் வீண்.

குடல் அசைவை நிறுத்தப் பஸ்கோபான் 20 மி.கி. ஊசி போடுவார்கள். குறுகிய கோணக் கிளாக்கோமா, சிறுநீர் அடைப்பு, இதயத் துடிப்புக் கோளாறு இருந்தால் முதலிலேயே சொல்ல வேண்டும். படத்தில் குடல் சுவரைத் துலக்கிக் காட்டும் கடோலினியம் ஊசிக்குச் சிறுநீரக நிலையைச் சொல்லும் கிரியேட்டினின் ரிப்போர்ட் கையில் இருக்கட்டும். 15 முதல் 20 நொடி மூச்சை அடக்கப் பழகிக்கொண்டு போனால் படம் கலங்காது. ஸ்கேன் முடிந்து சில மணி நேரத்துக்கு மானிடால் வயிற்றைக் கலக்கும். வேதாரண்யம், முத்துப்பேட்டை வரை திரும்ப வேண்டியவர்கள் உடனே பஸ் ஏறாமல், ஓ.ஆர்.எஸ். குடித்து, வயிறு அடங்கியபின் கிளம்புவது நல்லது. ரயில் கிடைத்தால் இன்னும் நல்லது; கழிவறையாவது இருக்கும்.

ரிப்போர்ட்டில் 'இலியத்தில் (சிறுகுடலின் கடைசிப் பகுதியில்) தடிப்பு' என்று மட்டும் இருந்தால் அடுத்த வருடம் அதை வைத்து எதையும் ஒப்பிட முடியாது. சுவரின் அதிகபட்சத் தடிமன் மி.மீ.-இல், பாதித்த பகுதியின் நீளம் செ.மீ.-இல், சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இலியோசீக்கல் வால்விலிருந்து அது எவ்வளவு தூரம், சுவரில் நீர்க்கோப்பு, புண், சுற்றுக் கொழுப்பில் அழற்சி, சுருக்கத்துக்கு மேலே குடல் 3 செ.மீ.-ஐத் தாண்டி வீங்கியிருக்கிறதா என்பதெல்லாம் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். எம்.ஆர். படத்தில் நோயின் தீவிரத்தைக் கணக்கிடும் எளிமையாக்கிய மரியா மதிப்பெண்ணைப் போடுபவராக இருந்தால் வேலை இன்னும் சுலபம்: 3 மி.மீ.-க்கு மேல் தடிமன், நீர்க்கோப்பு, கொழுப்பு அழற்சி ஒவ்வொன்றுக்கும் 1, புண்ணுக்கு 2. கூட்டினால் 1 வந்தாலே நோய் முனைப்பில் இருக்கிறது. 2-உம் அதற்கு மேலும் தீவிரம்.

அல்ட்ராசவுண்டைக் குறைத்து மதிப்பிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. பிரிட்டனில் 284 நோயாளிகளிடம் நடந்து 2018-இல் வெளிவந்த மெட்ரிக் ஆய்வில், சிறுகுடலில் நோய் இருப்பதை எம்.ஆர். 97 சதவீதமும் அல்ட்ராசவுண்ட் 92 சதவீதமும் கண்டுபிடித்தன. நோய் எதுவரை பரவியிருக்கிறது என்பதில்தான் இடைவெளி கூடுகிறது: எம்.ஆர். 80 சதவீதம், அல்ட்ராசவுண்ட் 70. கடைசி இலியத்தில் மட்டும் நோய் உள்ளவருக்கு அல்ட்ராசவுண்டே தாராளமாகப் போதும். மேல் சிறுகுடல், இடுப்புக்குள் ஆழமாகக் கிடக்கும் வளையங்கள், பருத்த வயிறு ஆகியவற்றில் தடுமாறும்.

ஆனால் சீட்டில் வெறும் 'யு.எஸ்.ஜி. அப்டமன்' என்று எழுதியிருந்தால் கல்லீரல், பித்தப்பை, சிறுநீரகம் பார்த்துவிட்டு, 'குடலில் வாயு' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். குடல் சுவரைப் பார்க்க வேண்டும், லீனியர் புரோபில் அளக்க வேண்டும், டாப்ளரில் ரத்த ஓட்டம் சொல்ல வேண்டும் என்று சீட்டிலேயே இருக்கட்டும். சுவர் 3 மி.மீ. வரை இயல்பு. 4 முதல் 6 மணி நேரம் வெறும் வயிறு போதும். காத்திருக்கும் நேரத்தில் வெற்றிலை சீவல் மெல்வதை விட்டுவிடுங்கள்; காற்றை விழுங்கினால் படம் மறையும். வெளிநாடுகளில் குடல் மருத்துவரே மேசையருகே அல்ட்ராசவுண்ட் பார்த்துவிடுகிறார். இங்கே 1994-ஆம் ஆண்டின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டப்படி எந்திரம், இடம், இயக்குபவர் எல்லாம் பதிவு செய்யப்பட வேண்டும் என்பதால் அது அவ்வளவு எளிதல்ல. ஆகவே குடல் பார்க்கத் தெரிந்த ரேடியாலஜிஸ்ட் ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டால் அவரை விடாதீர்கள்.

சி.டி. என்டரோகிராபி சில நொடியில் முடியும், எங்கும் கிடைக்கும். காய்ச்சலோடு வலது அடிவயிற்று வலி, விடாத வாந்தி, வயிற்று உப்புசம் என்றால் யோசிக்கவே வேண்டாம், சி.டி.தான். வழக்கமான கண்காணிப்புக்கு மட்டும் வேண்டாம். பெரும்பாலும் இளம் வயதிலேயே தொடங்கும் நோய் இது, ஆண்டுதோறும் சி.டி. எடுத்தால் கதிர்வீச்சு சேர்ந்துகொண்டே போகும். இன்னொன்று: அயோடின் கலந்த திரவத்தைக் குடிக்கக் கொடுத்தால் படத்தில் குடலுக்குள் வெள்ளையாக நிரம்பிச் சுவரின் நிறமாற்றத்தை மறைத்துவிடும். இதற்கும் தண்ணீரோ மானிடாலோதான் சரி. பேரியம் படத்துக்கு இன்று கண்காணிப்பில் இடமில்லை.

கேப்சூல் எண்டோஸ்கோபி (மாத்திரைபோல் விழுங்கும் கேமரா) நுண்ணிய புண்ணையும் காட்டும், எம்.ஆர். தவறவிடும் மேல் சிறுகுடல் புண்களைப் பிடிப்பது இதன் பலம். 26 மி.மீ. நீளமும் 11 மி.மீ. அகலமும் உள்ள அது சுருக்கத்தில் சிக்கினால் அறுவை சிகிச்சை வரை போகலாம். அதனால் முதலில் கரையும் சோதனைக் கேப்சூல் கொடுத்து, 30 மணி நேரத்தில் சிக்காமல் கடக்கிறதா என்று பார்க்க வேண்டும். உண்மைக் கேப்சூல் வெளியேறியது உறுதியாகும் வரை எம்.ஆர். எடுக்கக் கூடாது. வயல் வேலையின் முதுகுவலிக்கு மெடிக்கல் கடையில் வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக் சிறுகுடலில் க்ரோன் போலவே புண் உண்டாக்கும். சோதனைக்கு ஒரு மாதம் முன்பே அதை நிறுத்தியிருக்க வேண்டும்.

இலியோசீக்கல் பகுதித் தடிப்பு என்றால் நம் ஊரில் காசநோயும் நினைவுக்கு வர வேண்டும். உள்ளே அழுகிய பெரிய நிணநீர்க் கட்டிகளும் வயிற்றில் நீரும் தெரிந்தால் சந்தேகம் அந்தப் பக்கம் சாயும். விட்டுவிட்டுப் பல இடங்களில் நீளமாகத் தடித்திருந்தால் க்ரோன் பக்கம். நோய் எதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டோ இன்ஃப்ளிக்ஸிமாபோ தொடங்கும் முன் இதைத் தீர்த்துக்கொள்ளாவிட்டால் ஆபத்து.

நடைமுறையில் சரியாக வருவது இது. மருந்து தொடங்கும் முன் ஒரு எம்.ஆர்., 12 முதல் 14 வாரத்தில் அதே பகுதியை அளந்து ஒரு அல்ட்ராசவுண்ட், பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்று. இடையில் மலத்தில் கால்ப்ரொடெக்டின் (குடல் அழற்சியைக் காட்டும் புரதம்) சோதனை. அல்ட்ராசவுண்டில் சுவர் 3 மி.மீ.-க்குள் இருந்தும் கால்ப்ரொடெக்டின் ஒரு கிராம் மலத்துக்கு 250 மைக்ரோகிராமைத் தாண்டினால், வலி மாத்திரையும் வயிற்றுத் தொற்றும் இல்லை என்று உறுதி செய்து சில வாரம் கழித்து மறுபடி பாருங்கள். அப்போதும் இறங்கவில்லை என்றால் நோய் அல்ட்ராசவுண்ட் எட்டாத மேல் குடலில் இருக்கலாம்; எம்.ஆர். அல்லது கேப்சூலுக்கு நேரம் அதுதான்.