கச்சான் காலத்தில் கோட்டை ஏற்றமா, சைக்கிளா, கடலா?

வைகாசியில் கச்சான் என்கிற தென்மேல் பருவக்காற்று வீசத் தொடங்கியதும் திருகோணமலையில் பாதிப்பேர் மின்விசிறிக்குக் கீழே போய்ப் படுத்துவிடுகிறோம். ஒன்பது மணிக்கே தார்வீதி கொதிக்கிறது. விளக்கு வைத்த பிறகும் மேற்குப்பக்கச் சுவரில் கை வைக்க ஏலாது. ஆவணி வரைக்கும் இப்படியே கிடந்தால் இரவில் நித்திரை வராது, சாப்பாட்டில் மனம் போகாது, வீட்டில் ஆளுக்காள் எரிந்துவிழுவதுதான் மிச்சம். வாரத்துக்கு 150 நிமிடமாவது உடம்பை அசைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த இரண்டரை மணித்தியாலத்தை இந்த வெயிலில் எங்கே கொண்டுபோய்க் கழிப்பது?

முதலில் எல்லாரும் சொல்வது கோணேசர் கோயில் ஏற்றம். பிரெட்றிக் கோட்டை வாசலால் உள்ளே போனால் மரநிழல், வழியில் மான்கள், சாய்வான வீதி. மூச்சு வாங்கும் அளவுக்கு ஏற்றம் உண்டு. முழங்காலை வாட்டும் அளவுக்கு இல்லை. மேலே இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவுப் பக்கம் நின்றால் காற்று அள்ளிக்கொண்டு போகும். காசு செலவில்லை, கும்பிட்ட மாதிரியும் ஆச்சு. ஆனால் விடியற்காலையை விட்டால் இதற்கு வேறு நேரம் கிடையாது. வெயில் ஏறிய பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லில் கால் வைத்தால் நடை போய்த் துள்ளல்தான். இன்னொன்று: கூட்டாளிமாரோடு போனால் இறங்கி வந்ததும் வடையும் பிளேன்ரீயும் கட்டாயம். எரித்தது எவ்வளவு, ஏற்றியது எவ்வளவு என்று கணக்குப் பார்க்காமல் இருப்பது நல்லது.

பின்னேர நடைக்கு டச்பே கடற்கரை. கச்சான் கடலைச் சுருளோடு நடக்கிறவர்கள் நடந்த தூரத்தைவிட இருந்து கதைத்த நேரம்தான் அதிகம். அதுவும் வேண்டியதுதான். உடற்பயிற்சிக் கணக்கில் மட்டும் அதைச் சேர்க்கவேண்டாம்.

சைக்கிள் கொஞ்சம் வேறு கதை. 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்று களைத்த ஊர், மூலைக்குள் கிடந்த சைக்கிளை எல்லாம் வெளியே எடுத்தது. எரிபொருள் வந்ததும் பலருடையது திரும்ப மூலைக்கே போய்விட்டது. நிலாவெளி வீதி மேடு பள்ளமில்லாதது. உப்புவெளி, சாம்பல்தீவு என்று எங்கே அலுக்கிறதோ அங்கே திரும்பலாம். சந்தைக்கும் கடைக்கும் சைக்கிளில் போகிறவருக்கு உடற்பயிற்சிக்கென்று தனியாக நேரமும் தேவையில்லை. அதுதான் அதன் பெரிய பலம். பலவீனம் காற்று. கச்சான் பக்கவாட்டில் அடித்து வீதி நடுவுக்குத் தள்ளும், பின்னால் பஸ் வரும். அதைவிட மோசம், அந்த வறண்ட காற்று வியர்வையை உடனுக்குடன் உறிஞ்சிவிடுவதால் சட்டை நனையாது. வியர்க்கவே இல்லை என்று நினைத்து ஓடுகிறவருக்கு வீட்டுக்கு வந்தபின்தான் தலை இடிக்கும். தாகம் எடுக்கும்வரை பார்த்திருக்காமல் வழியில் ஒரு செவ்விளநீர் குடித்துவிட வேணும்.

ஜிம்மைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. குளிரூட்டி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் அது வெதுப்பகம். எடை தூக்க ஆசை உள்ளவர் போகட்டும். மாதக் காசு கட்டியும் போகாமல் விடுவதற்கு வெயில் நல்ல சாட்டு.

இனிக் கடல். என் வாக்கு இதற்குத்தான், காரணம் காலக்கணக்கு. தென்மேல் பருவக்காற்று மேற்குக் கரையிலும் மலைநாட்டிலும் மழையைக் கொட்டிவிட்டு, ஈரமிழந்து சூடாகி, தரையிலிருந்து கடலை நோக்கி நம் பக்கம் இறங்குகிறது. தென்மேற்குக் கரையில் காலியிலும் ஹிக்கடுவையிலும் கடல் கொந்தளிக்கிற அதே மாதங்களில் உப்புவெளியும் நிலாவெளியும் குளம்போலக் கிடப்பது அதனால்தான். தரையில் நம்மை வாட்டுகிற காற்றே கடலைப் படுக்க வைக்கிறது. நடையும் சைக்கிளும் மார்கழியிலும் கிடைக்கும். இந்தக் கடல் கிடைக்காது.

தண்ணீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்தும். அதனால் கை கால் வீசி உழைத்தாலும் உடம்பு கொதிக்காது. நீந்தத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இடுப்பளவு தண்ணீரில் கரையோரமாக நடந்து பாருங்கள். உடம்புப் பாரத்தில் பாதியளவைக் கடல் தாங்கிக்கொள்ளும், ஒவ்வொரு எட்டுக்கும் தண்ணீர் எதிர்த்துத் தள்ளும். முழங்கால் வலி என்று கோட்டை ஏற்றத்தைக் கைவிட்ட அம்மம்மாமாருக்கு இதைவிடத் தோதானது இல்லை. சோட்டியோ சல்வாரோ போட்டுக்கொண்டு நாலு பெண்கள் கைகோத்து இறங்கினால் துணையும் ஆச்சு, பம்பலும் ஆச்சு. நனைந்த உடுப்புப் பாரம்தான். ஆனால் முழுக்கை வெயிலுக்குக் கவசம்.

விடிய உப்புவெளியில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கயிற்றை இடுப்போடு சேர்த்துப் பிடித்து, குதிக்காலை மணலில் புதைத்து, உடம்பைப் பின்னால் சாய்த்து எட்டு வைப்பார்கள். ஜிம்மில் கயிறு இழுக்கிற இயந்திரம் இதைப் பார்த்துச் செய்ததோ என்று தோன்றும். அவர்களுக்கு அது வயிற்றுப்பாடு என்பதால் வேடிக்கை பார்ப்பவர் கயிற்றுக்குக் குறுக்கே நீந்தாமலாவது இருக்கலாம்.

கடலின் குறைகளையும் சொல்லவேண்டும். கச்சான் கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. காற்றடைத்த டியூப்பில் பிள்ளைகளை ஏற்றிவிட்டால் சத்தமில்லாமல் வெளியே கொண்டுபோய்விடும். டியூப்பை வீட்டிலேயே விடுங்கள். சொறிமுட்டை (ஜெலிமீன்) பட்டால் தேய்க்காமல் கடல்தண்ணீரால் கழுவ வேணும். டச்பேயில் நடப்பேன், இறங்கமாட்டேன். அடியில் இழுப்பு உண்டு. பத்து மணிக்குப் பிறகு கடலுக்குள் நின்றாலும் முதுகு கருகும். தனியே இறங்குவது எந்த நேரத்திலும் வேண்டாம்.

விடிய நேரமே இல்லை, எட்டு மணிக்கு வேலையில் நிற்க வேணும் என்பவருக்குச் சைக்கிளே சரி, அதுவும் வேலைக்கே அதில் போவதென்றால். நேரம் உள்ளவர்கள் புரட்டாதி வரை கடலை விடாதீர்கள். ஐப்பசி கழிந்து வாடை எழும்பினால் இதே உப்புவெளியில் கால் நனைக்கவும் யோசிப்போம். கோட்டை ஏற்றம் அப்போது குளிர்ந்திருக்கும்.