'தி ஆர்ட்டிஸ்ட்', 'பேசும் படம்': அரங்கில் எது எடுபடும்?

வசனமே இல்லாத படத்தை இன்றைய ரசிகர்களுக்குப் போட்டுக் காட்டுவதென்றால் எது சரி?

2011-இல் வந்த 'தி ஆர்ட்டிஸ்ட்' பழைய ஊமைப்படம் போலவே எடுக்கப்பட்டது: கறுப்பு வெள்ளை, பேச்சைத் திரையில் எழுதிக் காட்டும் எழுத்து அட்டைகள், ஓயாத பின்னணி இசை. சிறந்த படம் உட்பட 5 ஆஸ்கர் வாங்கிய படம்தான். ஆனாலும் லிவர்பூலில் சிலர் பேச்சே இல்லை என்று டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டார்கள். பொறுமையாக உட்கார்ந்தவர்களுக்குக் கனவுக் காட்சி காத்திருக்கிறது. நாயகன் கண்ணாடித் தம்ளரை மேசையில் வைக்க, 'டக்' என்று சத்தம் கேட்கும். அதுவரை இசையிலேயே ஊறிய காது திடுக்கிடும்.

சிங்கீதம் சீனிவாசராவின் 'பேசும் படம்' (1987) வேறு ரகம். வண்ணப்படம். தெருச் சத்தம் எல்லாம் கேட்கும். மனிதர்கள்தான் பேச மாட்டார்கள். எழுத்து அட்டையும் கிடையாது. இதில் எனக்குப் பிடித்தது, ஆடம்பர ஓட்டலின் அமைதியில் தூக்கம் வராமல் தவிக்கும் கமல். பழைய அறைக்குப் பக்கத்திலிருந்த தியேட்டரின் இரைச்சலைப் பதிவு செய்து வந்து, அதைப் போட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்குவார். இதற்குச் சிரிக்க மொழியோ ஊமைப்பட வரலாறோ தெரிந்திருக்க வேண்டாம்.

சினிமாப் பைத்தியங்களின் கூட்டம் என்றால் முதலாவது. குழந்தைகளோடு குடும்பமாக வருகிறார்களா, யோசிக்காமல் 'பேசும் படம்' போடுங்கள்.