முரட்டு டயரை ஏற்ற நீள லீவரா, குட்டை லீவரா?

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக்கின் 17 அங்குலப் பின்சக்கரம், டியூப் போட்டது. அதில் கட்டை கட்டையாக இருக்கும் ஆஃப்-ரோடு டயரைக் கையாலேயே ஏற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

டயரை நெம்பி ரிம்மில் ஏற்றும் இரும்புப் பட்டைதான் லீவர். ஒன்றரை அடி லீவரில் பலம் ஏராளம். சிக்கலும் அதுதான். எவ்வளவு விசை கொடுக்கிறோம் என்று கைக்குத் தெரியாது. டியூப் நசுங்கிக் கிழியும், ரிம் ஓரம் நெளியும், டயர் ஓரத்துக்குள் இருக்கும் எஃகுக் கம்பி வளையம்கூடக் கெடலாம். பழைய டயரைக் கழற்ற மட்டும் நீளமானது சுகம்.

8, 10 அங்குலக் குட்டை லீவரில் கை வலிக்கும், ஆனால் டயர் முரண்டு பிடித்தால் உடனே உணரலாம். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: எதிர்ப்பக்க ஓரம் ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறங்கியிருக்காது. முட்டியால் அழுத்தி இறக்குங்கள். சோப்புத் தண்ணீர் தாராளமாகத் தடவி, கொஞ்சம் கொஞ்சமாக நகருங்கள். அப்புறம், வால்வுப் பக்கத்தைக் கடைசிக்கு வையுங்கள். வால்வைச் சற்று உள்ளே தள்ளிவிட்டால் அங்கே டியூப் சிக்காது.

டயரை முதலில் வெயிலில் போட்டு வைத்தால் ரப்பர் இளகும். அப்புறம் எந்த லீவரானாலும் வேலை பாதியாகக் குறையும்.

வழியில் பஞ்சர் பார்க்க 3 குட்டை லீவர் போதும், கொண்டுபோகும் பையிலும் அடங்கும். நீளமானது வீட்டிலேயே இருக்கட்டும்.