திருடுபோகும் ஜேசிபி: சாவியா, டிராக்கரா, முக்கோணத் தகடா?

பழைய ஜேசிபி ஒன்றின் சாவி கையில் இருந்தால் பக்கத்து சைட்டில் நிற்பதையும் கிளப்பிவிடலாம். நம்ம ஊர் ஆபரேட்டர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். பல கை மாறும் வண்டி, சாவி தேடி வேலை நிற்கக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு. ஜேசிபி பிறந்த பிரிட்டனில் திருடர்களுக்கும் அது வசதியாகிப்போனது. அங்கே இதற்கு மூன்று வைத்தியம் பார்க்கிறார்கள்.

முதலாவது இம்மொபிலைசர். சரியான சாவியோ பின் நம்பரோ இல்லாமல் இன்ஜின் உறுமாது. ஆனால் வின்ச் போட்டு இழுத்து லாரியில் ஏற்றுகிறவனுக்கு இன்ஜின் எதற்கு?

அடுத்தது டிராக்கர். முதலாளிகளுக்குப் பிடித்தது, கட்டிலில் படுத்தபடியே வண்டி எங்கே என்று போனில் பார்க்கலாம். திருடனுக்கும் இது தெரியும். அதனால் எடுத்த வண்டியை உடனே கொண்டுபோவதில்லை. ஒரு மறைவில் சில நாள் போட்டு வைத்து, யாராவது தேடி வருகிறார்களா என்று பார்க்கிறான். வரவில்லையா, டிராக்கர் இல்லை. சரி, போன் வரைபடத்தில் டிராக்கரின் புள்ளி ஒரு கொட்டகைக்குள் காட்டுகிறது என்றே வைத்துக்கொள்வோம். வாரண்ட் இல்லாமல் போலீஸ் உள்ளே போவதில் சிக்கல் இருந்தது. அதைத் தளர்த்தும் ஷரத்தோடு 2025-ல் நாடாளுமன்றத்தில் ஒரு மசோதாவே வைத்தார்கள். இரும்புக் கன்டெய்னருக்குள் போய்விட்டால் சிக்னலும் தடுமாறும்.

என் ஓட்டு மூன்றாவதற்கு: அடையாளக் குறியீடு. 2007-ல் தொடங்கிய சீசர் திட்டத்தில் வண்டியின் மேல் ஒரு முக்கோணத் தகடு, உள்ளே மறைவாகச் சிப்கள், அடையாள எண் பொறித்த, கண்ணுக்கே தெரியாத நுண்புள்ளிகள். ரோட்டில் ஓடாத எக்ஸ்கவேட்டருக்கு அங்கே நம்பர் பிளேட் கட்டாயமில்லை. நடுராத்திரியில் லோபெட் லாரியை மடக்கும் போலீஸ்காரர் ‘இது யாருடையது?’ என்று எதை வைத்துக் கேட்பார்? திட்டத்தின் பதிவேட்டுக்குப் போன் போட்டுத் தகட்டு எண்ணைச் சொன்னால் பதில் வந்துவிடும். தகட்டைப் பிய்த்தாலும் நுண்புள்ளி அத்தனையையும் பொறுக்கி எடுக்க முடியாது. திருட்டைத் தடுக்குமா என்றால், அந்த அளவுக்கு இல்லை. பிடிபட்டது திருட்டு வண்டிதான் என்று நிரூபிக்கும். வழக்கு நிற்பதற்கு அதுதானே வேண்டும்.

2023 ஜூலையில் ஒப்புதல் பெற்ற கருவித் திருட்டுத் தடுப்புச் சட்டமும் இப்படித்தான் யோசித்திருக்கிறது. வயல்காட்டில் ஓடும் நாலு சக்கர குவாட் பைக்குகளைப் புதிதாக விற்கும்முன் இம்மொபிலைசரும் அடையாளக் குறியீடும் இருக்க வேண்டும் என்று அரசு விதி கொண்டுவர வழிசெய்கிறது, டிராக்கரைக் கட்டாயமாக்கவில்லை.

இந்த ஒப்பீட்டுக்குள் அடங்காத திருட்டு ஒன்றும் உண்டு. டிராக்டரை விட்டுவிட்டு, கூரைமேல் கவிழ்த்த சட்டி மாதிரி இருக்கும் ஜிபிஎஸ் ரிசீவரையும் கேபினில் உள்ள திரையையும் மட்டும் கழற்றிக்கொண்டு போகிறார்கள். 2023-ல் இந்தத் திருட்டுக்கான இழப்பீட்டுக் கோரிக்கைகள் மட்டும் 42 லட்சம் பவுண்டு என்று அங்குள்ள விவசாயக் காப்பீட்டு நிறுவனமான என்எஃப்யூ மியூச்சுவல் கணக்குச் சொன்னது. வழிகாட்டும் கருவியே காணாமல் போகும்போது இம்மொபிலைசர் என்ன செய்யும்? டிராக்டரில் இருக்கும் டிராக்கர், வண்டி பத்திரமாகக் கொட்டகையில் நிற்பதாகத்தான் காட்டும். ரிசீவருக்கு ‘பின்’ நம்பர் போட்டு, குறியீடும் இட்டு, ராத்திரி கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் வைக்க வேண்டியதுதான்.