எம்.எஸ். உள்ளவர்களுக்கு நடுக்கப் பயிற்சி: தொடர்ந்து செய்ததில் தெரிந்தவை

மன அதிர்ச்சிச் சிகிச்சையாளர் டேவிட் பெர்செலி வகுத்த டி.ஆர்.இ. (இறுக்கத்தையும் அதிர்ச்சியையும் தளர்த்தும் பயிற்சி) முறையில் முதலில் கால் தசைகளைச் சோர்வாக்கி, பிறகு உடம்பைத் தானாக நடுங்கவிட்டு இறுக்கத்தைத் தளர்த்துவார்கள். எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், மூளை, தண்டுவட நரம்புகளின் உறை சிதையும் நோய்) இருப்பவர்கள் அதை அப்படியே செய்தால் மறுநாள் கால் எழாது. சுவரில் சாய்ந்து நாற்காலிபோல் உட்காருவதையும், குதிகாலை எக்கி இறக்குவதையும் விட்டுவிடுங்கள். படுத்துச் செய்யும் பகுதியே போதும்.

மல்லாந்து படுத்து, உள்ளங்கால்களைச் சேர்த்து, முட்டிகளை விரியவிடுங்கள். ஒரு நிமிடம் கழித்து முட்டிகளை இரண்டு அங்குலம் உயர்த்தி நிறுத்துங்கள்; இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை இன்னும் இரண்டு அங்குலம். உள்தொடை வெடவெடக்கத் தொடங்கும். முதல் மாதம் மூன்று நிமிட நடுக்கம், வாரம் இரண்டு நாள். 'நல்லா இருக்குதுங்க' என்று கால் மணி நேரம் இழுத்தவர்கள்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள்.

டைல்ஸில் குதிகால் வழுக்கும். அதைப் பிடித்து நிறுத்தவே தசை இறுகும். ரப்பர் மேட்டின் மேல் பவானி ஜமுக்காளம் விரித்தால் கால் நிற்கும், முதுகும் வேர்க்காது. கயிற்றுக்கட்டிலில் இடுப்பு தொய்ந்துவிடும், வேண்டாம்.

இங்கே ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். பயிற்சி நடுக்கம் வேகம் மாறி மாறி இடுப்புப் பக்கம் பரவும். கணுக்கால் மட்டும் ஒரே தாளத்தில், நொடிக்கு ஐந்தாறு முறை துடித்தால் அது குளோனஸ், நோயின் அறிகுறி. முன்பாதம் அழுந்துவதால் கிளம்பும். பாதத்தை அழுத்தத்திலிருந்து எடுத்தால் அடங்கும். அதை 'இறுக்கம் வெளியேறுகிறது' என்று வளரவிடாதீர்கள். பயிற்சி நடுக்கத்தை நிறுத்துவதற்குக் கால்களை நீட்டச் சொல்வார்கள். விறைப்பு உள்ளவர்களுக்கு வெடுக்கென நீட்டினால் கால் கட்டைபோல் பிடித்துக்கொள்ளும். முட்டிகளைச் சேர்த்து, பக்கவாட்டில் மெல்லத் திரும்பிப் படுங்கள்.

அடுத்த எதிரி சூடு. உடல் வெப்பம் அரை டிகிரி ஏறினாலே உறையிழந்த நரம்பில் செய்தி தடைபடும். உடல் உழைப்பின்போது நோயாளிகளுக்குப் பார்வை மங்குவதை 1890லேயே ஜெர்மன் கண் மருத்துவர் ஊத்தாஃப் பதிவு செய்தார்; அதற்கு உடல் சூடுதான் காரணம் என்பது பின்னாளில் தெரிந்தது. சித்திரை வெயிலில் ஈரோடு, கரூர்ப் பக்கம் காலை ஆறு மணிக்குள் முடித்துவிடுங்கள், கழுத்தில் ஈரத்துண்டோடு. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றடிக்கும் ஊர்களில் இந்தத் தொல்லை குறைவு.

சில மாதங்களில் இரவுப் பிடிப்பு குறைந்து தூக்கம் சீராவதைப் பலர் உணர்கிறார்கள். நடை வேகம் கூடும் என்று எதிர்பார்க்காதீர்கள். வலிப்பு உள்ளவர்களும், புதிதாக நோய் தாக்கியவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது. கால் லேசானதென்று, தசை விறைப்புக்குத் தரும் பேக்லோஃபென் மருந்தைத் தாமாக நிறுத்துவது பெரிய ஆபத்து: திடீரென விட்டால் வலிப்பே வரலாம்.