டெஸ்மோபிரசின் மூக்கு ஸ்பிரே: மருந்தில் குறையில்லை, பாட்டிலில்தான்

மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து ஏடிஎச் (சிறுநீரைக் குறைத்து உடலில் தண்ணீரைத் தக்கவைக்கும் ஹார்மோன்) போதுமான அளவு வராதவர்களுக்கு, அதாவது சர்க்கரைக்குச் சம்பந்தமில்லாமல் சிறுநீர் அளவுக்கு மீறிப் போகும் நீரிழிவுக்கு, டெஸ்மோபிரசின் அருமையான மருந்து. சிறுநீரகத்தில் அந்த ஹார்மோன் வந்து ஒட்டும் இடமான வி2 ஏற்பியில்தான் இதன் வேலை பெரும்பாலும். அதனால் இயற்கையான ஹார்மோனைப் போல இரத்தக் குழாயை இறுக்கிப் பிரஷரை ஏற்றுவதில்லை. இங்கே பார்ப்பது ஒரு ஸ்பிரேக்கு 10 மைக்ரோகிராம் தரும் 5 மில்லி பாட்டில்.

புதுப் பாட்டிலை முதலில் 4 தடவை காற்றில் அழுத்துங்கள். அப்போதுதான் பம்ப் நிறையும். ஒரு வாரம் தொடாமல் இருந்தால், சீரான தூவல் வரும்வரை மறுபடி அழுத்த வேண்டும்.

பெரிய குறை இதுதான்: 50 ஸ்பிரே முடிந்த பிறகும் அடியில் மருந்து மிச்சம் தெரியும். வீணாக்க மனம் வராமல் அதையும் அடிப்பார்கள். பம்ப் அப்போது முழு அளவைத் தராது. ராத்திரி சிறுநீர் கழிக்க நாலு தடவை எழுந்த பிறகுதான் சந்தேகமே வரும். மிச்சத்தை வேறு பாட்டிலில் ஊற்றவும் கூடாது. தொடங்கிய தேதியைப் பாட்டில் மேலேயே எழுதிவிடுங்கள். தினம் 2 ஸ்பிரே என்றால் 25 நாளில் கணக்கு முடிந்தது.

சளி பிடித்து மூக்கு அடைத்தால் மருந்து சரியாக உள்ளே ஏறாது. அடிக்கடி அடைப்பு வருபவர்களுக்கு நாக்கடியில் கரையும் மாத்திரையே மேல். 60, 120, 240 மைக்ரோகிராமில் வருகிறது. 120 ஏறக்குறைய 200 மைக்ரோகிராம் சாதா மாத்திரைக்குச் சமம். வயிற்றுக்குப் போகும் மாத்திரையில் இரத்தத்தில் சேர்வது 1 சதவீதம்கூட இல்லை, எண்கள் இவ்வளவு மாறுவது அதனால்தான். மாற்றும் அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

எந்த வடிவமானாலும் பயப்பட வேண்டியது இரத்தத்தில் சோடியம் (உப்புச் சத்து) குறைவதற்கு. தாகம் அடங்கிய பிறகும் பழக்கத்தில் செம்புசெம்பாகக் குடித்தால் தண்ணீர் வெளியேறாமல் தேங்கும். தலைவலி, வாந்தி, குழப்பம், கடைசியில் வலிப்பு. தொடங்கிய முதல் வாரத்திலும் ஒரு மாதம் கழித்தும் சோடியம் பாருங்கள். கார்பமசெபின் என்ற வலிப்பு மருந்து, வலி மாத்திரைகள், சில மனச்சோர்வு மருந்துகள் ஆபத்தைக் கூட்டும். வயிற்றுப்போக்குக்கு எடுக்கும் லோபரமைடு, வாய்வழி டெஸ்மோபிரசினின் இரத்த அளவை சுமார் 3 மடங்காக்கும்.

வாங்கும்போது லேபிளில் எண்ணைப் படியுங்கள். இரத்தக் கசிவு நோய்க்கென்று இதே மருந்து ஒரு ஸ்பிரேக்கு 150 மைக்ரோகிராமிலும் உண்டு. தவறுதலாக அது மாறி வந்தால் ஒரே அழுத்தில் 15 மடங்கு.